கூட்டமில்லாத மாதம்

நோர்மா அந்தத் தேநீர்க் கடையை மூன்றாவது முறையாகக் கடந்து போனாள். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்குள் பார்த்தும் பார்க்காததுமாக ஒரு பார்வை. அதற்குள் கால்கள் வேகமெடுத்து அவளைச் சந்தின் கோடிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். கோடியில் ஆறு. பழுப்பு நிறத்தில், சத்தமே இல்லாமல், படித்துறையின் கடைசிக் கல்வரை நிரம்பிப் போய்க்கொண்டிருந்தது. மூன்று நாளாக மேற்கே மலைப்பக்கம் பெய்த மழையும் உருகிய பனியும் இப்போதுதான் யார்க் நகரத்துக்கு வந்து சேர்கின்றன என்று காலையில் விடுதிக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் வானம் துடைத்து வைத்ததுபோல் நீலமாக இருந்தது. இந்த வெயிலில் வெள்ளம் என்றால் யார் நம்புவார்கள்?

அவள் நம்பி வந்தது கூட்டத்தை. தோழி பொலீன் செப்டம்பரில் பஸ் சுற்றுலாவுக்கு வந்தபோது இந்தக் கடையில்தான் சாப்பிட்டாள். வாசலுக்கு வெளியே வரை வரிசையாம், உள்ளே தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அந்த நெரிசலுக்குள் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போன பெண்ணைப் பார்த்ததும் பொலீனுக்கு வாயிலிருந்த கேக் இறங்கவில்லை. "உன் ஹெதரேதான்டி. சத்தியமா. முடிய வெட்டிட்டா, ஆனா அந்த நடை மாறுமா?" என்று சொந்த ஊர் பார்ன்ஸ்லிக்குத் திரும்பிய அன்றே வந்து சொன்னாள். அன்றிலிருந்து நோர்மா மனத்துக்குள் ஒரு மூலை மேசையைப் போட்டு வைத்திருந்தாள். தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, முப்பது நாற்பது பேருக்கு நடுவில் ஒருத்தியாக, அரை மணி நேரம் மகளைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

பொலீன்தான் விளம்பரம் பார்த்து இரண்டு இரவுக்கு அறை போட்டாள். ஜனவரியில் பாதி விலை, காலை உணவு சேர்த்து. அந்தப் பாதி விலை ஏன் என்று இருவரும் யோசிக்கவில்லை. ஊரே காலியாகக் கிடந்தது. கோட்டைச் சுவரின் மேல் ஒரு மனிதர் நாயை நடத்திக்கொண்டு போனார். பேராலயத்துக்கு முன்னால் இருந்த பெஞ்சுகளில் உறைபனி கலையாமல் இருந்தது. பாதிக் கடைகளில் 'பிப்ரவரியில் சந்திப்போம்' என்று அட்டை தொங்கியது. ஒளிந்துகொள்ள ஓர் ஆள் கிடையாது.

"நான் உன்கூட வரமாட்டேன்" என்று பொலீன் காலையில் முட்டையை வெட்டிக்கொண்டே சொல்லியிருந்தாள். "வந்தா என் வாய் சும்மா இருக்காது, உனக்கே தெரியும். நான் போயி தள்ளுபடியில ரெண்டு போர்வை பாக்குறேன். நீ போயி ஒரு டீ குடி. டீ குடிக்கிறவளப் பாத்து நீ யாரு, எவருன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

நான்காவது முறை நோர்மா கடக்கவில்லை. கதவைத் தள்ளினாள். தலைக்கு மேல் மணி அடித்தது.

"எங்க வேணா உக்காருங்க, இதோ வந்துட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஏழு வருடமாகக் கேட்காத குரல். பன்னிரண்டு மேசைகளும் காலி. மூலை மேசையும் காலியாகத்தான் இருந்தது. ஆனால் யாருமில்லாத கடையில் மூலையில் போய் உட்கார்வது திருடன்போல இருக்குமென்று தோன்ற, நோர்மா நட்டநடுவில் இருந்த மேசையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான் அது இன்னும் மோசம் என்று புரிந்தது.

ஹெதர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு மேசை தள்ளி நின்றுவிட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துண்டு மட்டும் கையில் முறுக்கிக்கொண்டது. ஏப்ரனின் முடிச்சு இடுப்பில் இல்லாமல் மார்புக்குக் கீழே ஏறியிருந்தது. அதற்குக் கீழே வயிறு. நோர்மாவின் கண் முகத்தை விட்டு அங்கே போய், நின்று, திரும்ப முடியாமல் தவித்தது. ஐந்து மாதம். ஐந்தரைகூட இருக்கலாம்.

"நீங்க என்ன சாப்பிடுறீங்க?" என்றாள் ஹெதர்.

"ஹெதர்..."

"சூப் இருக்கு, உருளைக்கிழங்கு சூப். கேக்குல காபி கேக் மட்டும்தான். சீசன் இல்ல, அதனால நிறையப் போடுறதில்ல."

"டீ. டீ மட்டும் போதும்."

"ஒருத்தருக்கா?"

"ஒருத்தருக்கு."

ஹெதர் அதைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒரே ஒரு டீ; அதையும் எழுதினாள். பிறகு உள்ளே போய்விட்டாள். கெட்டிலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. 'நீங்க' என்ற அந்தச் சொல் மேசைமேல் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல நோர்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். வெளியே போ என்றிருந்தால் போயிருக்கலாம். போவதற்குத் தயாராகத்தான் வந்தாள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மாலை, கால்பந்து ஆட்டம் முடிந்து அவளுடைய மகன் கிரெய்க் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். பக்கத்தில் ஆரன். ஹெதருக்கும் ஆரனுக்கும் கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. மாப்பிள்ளைத் தோழனாக நிற்கப்போவது கிரெய்க்தான். மூன்று பியர் குடித்திருந்தான். தினமும் வரும் சாலை, தினமும் திரும்பும் வளைவு. கிரெய்க்குக்குக் காறையெலும்பு முறிந்தது. ஆரன் அங்கேயே போய்விட்டான்.

அது மட்டும் என்றால் ஹெதர் என்றாவது ஒருநாள் வீட்டுக்கு வந்திருப்பாள் என்று நோர்மா நினைத்துக்கொள்வதுண்டு. அது மட்டும் இல்லை. வழக்கு வந்தபோது கிரெய்க்கின் வக்கீல், தாயார் நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினால் நல்லது என்றார். கணவர் டெரெக் பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்தவர்; கேட்டுச் செய்ய ஆள் இல்லை. நோர்மா சமையலறையில் உட்கார்ந்து எழுதினாள். என் மகன் குணத்தில் கெட்டவன் இல்லை, ஒரு பிள்ளை போனது போதும், இன்னொரு பிள்ளையையும் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எழுதினாள். நீதிபதி மட்டும் படிப்பார் என்றுதான் நினைத்தாள். வக்கீல் அதை நீதிமன்றத்தில் நிதானமாக, வார்த்தை வார்த்தையாக, உரக்கப் படித்தார். ஹெதர் ஆரனின் அம்மாவுக்குப் பக்கத்தில், அந்த அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பாதியில் எழுந்து வெளியே போனாள். அப்படியே போனவள்தான். கிரெய்க்குக்கு ஐந்து வருடம் போட்டார்கள், பாதியில் விட்டார்கள். இப்போது நோர்மாவோடு இருக்கிறான். கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. கார் ஓட்டுவதில்லை, குடிப்பதில்லை, யாரோடும் சேர்வதில்லை. நேற்று காலை அவள் கிளம்பும்போது வாசலில் நின்று, "குளிரும்மா, ஸ்கார்ஃப் எடுத்துக்கிட்டியா?" என்றான். கடைகளில் தள்ளுபடி பார்க்கத்தான் போகிறாள் என்று அவனிடம் சொல்லியிருந்தாள்.

டீ வந்தது. ஹெதர் கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போகத் திரும்பியபோது யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பக்கத்துப் பழைய புத்தகக் கடைக்காரர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"ஹெதர் கண்ணு, செய்தி வந்துச்சா? காலைல சொன்னதவிட ரெண்டு அடி கூடுதலாம். மூணு மணிக்குள்ள சந்துக்குள்ள வந்துரும். இயன் எங்க?"

"ஸ்கார்பரோ ரயில்ல டூட்டிக்குப் போயிருக்கான், கென். ஆறு மணிக்குத்தான் வருவான்."

"உன் முதலாளியம்மா?"

"ஸ்பெயின்ல. நீச்சல் குளத்துல."

"அவங்களுக்கும் தண்ணிதான், நமக்கும் தண்ணிதான்" என்று கென் சிரித்தார். "என் கடைல கீழ் அலமாரி பூரா ஏத்தணும். முடிஞ்சதும் வரேன். நீ ஒண்ணையும் தூக்காத, கேட்டியா?" பிறகு நோர்மாவைப் பார்த்து, "அம்மா, டீயச் சீக்கிரம் குடிச்சிட்டுக் கிளம்புங்க. இல்லாட்டி நீந்தித்தான் போகணும்" என்றார்.

அவர் போனதும் ஹெதர் பின்னாலிருந்து வெள்ளத்தைத் தடுக்கும் அலுமினியப் பலகைகளை இழுத்து வந்தாள். கதவு நிலையின் இரண்டு பக்கமும் அவற்றுக்கென்றே பள்ளம் இருந்தது. முதல் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, நோர்மாவைப் பார்க்காமல் சொன்னாள்.

"இத வச்சிட்டா இந்தப் பக்கம் போக முடியாது. மாடிக்குப் போயி பின்தெரு வழியா சுத்திப் போகணும். கிளம்புறதா இருந்தா இப்பவே கிளம்பிருங்க. டீக்குக் காசு வேணாம்."

நோர்மா எழுந்தாள். கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள். கோட்டை மடித்து மாடிப்படியில் வைத்தாள். திரும்பி வந்து ஒரு நாற்காலியைத் தூக்கினாள்.

"தொடாதீங்க. வாடிக்கையாளர் எதையும் தூக்கக் கூடாது. கீழ விழுந்தீங்கன்னா எனக்குத்தான் வம்பு."

"நான் வாடிக்கையாளர் இல்ல."

"பின்ன யாரு?"

நோர்மா பிடியை விடவில்லை. நாற்காலியை மாடிக்குக் கொண்டு போனாள். இறங்கி வந்து அடுத்ததைத் தூக்கினாள். மூன்றாவது நாற்காலிக்கு ஹெதர் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அறுபத்தாறு வயது முழங்கால்கள். பதினான்கு படி. முதலில் நாற்காலிகள், பிறகு மேசை விரிப்புகள், காபி இயந்திரம், கேக் மூடிகள், சுவரில் தொங்கிய படங்கள். நோர்மா உட்கார்ந்திருந்த பெரிய கருவாலி மர மேசையை மட்டும் அசைக்கவே முடியவில்லை. அது இதற்கு முன் எத்தனையோ வெள்ளம் பார்த்தது, கிடக்கட்டும் என்றாள் ஹெதர். அந்தக் கடையில் மின்சார முனைகளெல்லாம் தோள் உயரத்தில் இருப்பதை நோர்மா அப்போதுதான் கவனித்தாள். படிக்கட்டுச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரத்துக்குச் சிவப்புக் கோடுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வருடம். வளரும் குழந்தையின் உயரத்தைக் குறித்து வைத்ததுபோல.

சமையலறையில் ஹெதர் குனிந்து மாவு மூட்டையைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் போனாள்.

"அத வையி!"

நோர்மாவுக்கே தூக்கிவாரிப் போட்டது, தன் குரல் அவ்வளவு உரக்க வந்ததில். ஹெதர் சட்டென்று மூட்டையை விட்டுவிட்டாள், பத்து வயதில் அடுப்புப் பக்கம் நீட்டிய கையை அம்மா அதட்டியதும் இழுத்துக்கொண்டதைப்போல. இருவரும் மூட்டையின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஹெதரின் காது சிவந்திருந்தது. கோபமா வேறெதுவுமா என்று சொல்ல முடியவில்லை.

"பதினாறு கிலோ அது" என்றாள் ஹெதர். "உன்னால மட்டும் ஆகுமா? அந்தப் பக்கம் பிடி. நான் இந்தப் பக்கம். பாதி பாதி."

'நீங்க' எங்கேயோ நாற்காலிகளுக்கு நடுவில் விழுந்துவிட்டிருந்தது. நோர்மா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, படிக்குப் படி நின்று, மூச்சு வாங்கி, மூட்டையை மேலே ஏற்றினார்கள்.

இரண்டே முக்கால் மணிக்குச் சந்தின் கற்களுக்கு மேல் பளபளவென்று ஒரு நீர்த்தகடு பரவி வந்தது. அலை இல்லை, சத்தம் இல்லை. பலகைக்கு வெளியே வந்து நின்றது. பலகை ஒரு சொட்டுக்கூட விடவில்லை. நோர்மாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கடைசித் திருகை இறுக்கியது அவள்தான். கீழே பார்த்தபோது தரை ஓடுகளுக்கு இடையே கறுப்பாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு கோடு. சமையலறைச் சாக்கடை மூடி ஒருமுறை விக்கியது, பிறகு மெல்லத் தூக்கிக்கொண்டது.

"கதவைத்தான் அடைச்சாச்சே!" என்றாள் நோர்மா.

"கதவு வழியா வராதும்மா. அடியிலேருந்துதான் வரும். எப்பவும் அப்படித்தான்."

"அப்போ பலகை எதுக்கு?"

"பலகை வச்சோம்னு இன்சூரன்ஸ்காரங்களுக்குக் காட்டணும்ல."

நோர்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெதரும் சிரித்தாள், சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருவரும் ஷூ நனையாமல் படிக்கு வந்து சேர்ந்தார்கள். ஹெதர் சுவரில் இருந்த பெரிய சுவிட்சை இறக்கினாள். அதுவரை உறுமிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ் நின்றது. கடையில் ஜன்னல் வெளிச்சம் மட்டும்.

செய்ய ஒன்றும் மிச்சமில்லை. ஒவ்வொரு படிக்கும் தண்ணீர் ஏறும்போது முதலாளியம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம், அதனால் ஹெதர் இங்கேயே இருந்தாக வேண்டும். நோர்மா இருந்தாக வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. ஹெதர் ஏழாவது படியில் உட்கார்ந்தாள். நோர்மா ஆறாவதில் உட்கார்ந்தாள். தரை முழுவதும் நனைந்து, பிறகு தரையே காணாமல் போவதைப் பார்த்தார்கள். வேகமே இல்லை. கண்ணுக்கு முன்னால் நடப்பதுபோலவும் இல்லை. ஒரு கோப்பை டீ குடித்து முடிக்கும் நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் அரை விரற்கடை ஏறியிருக்கும். இவ்வளவு மெதுவாக வருவதைக்கூட நிறுத்த முடியாதா என்று நோர்மாவுக்கு ஆற்றாமையாக இருந்தது.

"எப்போ?" என்று கேட்டாள்.

"மே கடைசில."

"பொண்ணா?"

"கேட்டுக்கல."

"அந்த இயன்..."

"நல்லவன்தான். ரயில்ல கண்டக்டர்." கொஞ்சம் நிறுத்தி, "காரு ஓட்டத் தெரியாது. பழக ஆரம்பிச்ச அன்னிக்கு முதல்ல கேட்டது அதுதான்" என்றாள்.

நோர்மா தலையை ஆட்டினாள். முதல் படியின் விளிம்பில் தண்ணீர் வந்து முட்டிக்கொண்டு நின்றது. ஹெதர் எழுந்து, இரண்டு படி இறங்கி, செல்போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

"அந்த லெட்டர" என்றாள். "அத நீ எழுதியிருக்கக் கூடாதுன்னு என்னிக்காவது தோணியிருக்கா?"

ஏழு வருடத்தில் இந்தக் கேள்விக்கு நோர்மா ஆயிரம் பதில் தயார் செய்திருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. 

"கோர்ட்டுல நீ கேக்கும்படி உரக்கப் படிப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா..."

"அதக் கேக்கல."

"நீ ஓட்டியிருந்தாலும் எழுதியிருப்பேன் ஹெதர். உனக்காகவும் அதே லெட்டரத்தான் எழுதியிருப்பேன்."

"தெரியும்" என்றாள் ஹெதர். "அது தெரியாம இருந்திருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்."

அப்போதுதான் போன் அடித்தது. நோர்மாவின் கைப்பை இருவருக்கும் நடுவில், படியின் ஓரத்தில், வாய் திறந்து கிடந்தது. உள்ளே திரை எரிந்தது. கிரெய்க் என்ற பெயர் அந்த மங்கலில் இருவருக்கும் தெளிவாகத் தெரிந்தது. நோர்மா கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். அடித்து ஓய்ந்தது. மூச்சு விடுவதற்குள் மறுபடி அடித்தது. அவன் அப்படித்தான், எடுக்காவிட்டால் விடமாட்டான். எதுவோ ஆகிவிட்டது என்றே நினைப்பான். எதுவும் ஆகவில்லை என்று அவனால் இப்போதெல்லாம் நினைக்க முடிவதில்லை.

"எடு" என்றாள் ஹெதர்.

நோர்மா எடுத்தாள். காலியான கடையில் அவன் குரல் ஒலிபெருக்கி வைத்ததுபோல் கேட்டது.

"அம்மா? டிவில காட்டுறாங்க, யார்க்ல தண்ணி ஏறுதாம். நீ எங்க இருக்க?"

"மேட்டுல இருக்கோம்டா. நானும் பொலீனும். இங்க ஒண்ணும் இல்ல."

"ஆத்துப் பக்கம் போயிடாத."

"போகல."

"உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? குளிருதா? ஸ்கார்ஃப் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்டா. கடைல இருக்கேன். அப்புறம் பேசறேன்."

"சரி. நீ வர்றப்ப ஸ்டேஷனுக்கு நடந்து வந்து நிக்கிறேன். பைய நான் தூக்கிக்கிறேன்."

நோர்மா போனைப் பைக்குள் போட்டாள். ஹெதர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றின் மேல் இரண்டு கையும் கோத்திருந்தன. அழுவாள் என்று நோர்மா எதிர்பார்த்தாள். திட்டுவாள் என்றும் எதிர்பார்த்தாள்.

"குரல் வயசானவன் மாதிரி ஆயிடுச்சு" என்றாள் ஹெதர்.

வெளியே நாலு மணி வெளிச்சம் மங்கத் தொடங்கியது. அடுத்த படம் எடுக்க ஹெதர் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒன்று எடுத்தாள். பிறகு பேசியபோது, இதை அவள் டீ போடும்போதே முடிவு செய்துவிட்டிருக்க வேண்டும் என்று நோர்மாவுக்குத் தோன்றியது. அவ்வளவு நிதானமாக வந்தது.

"குழந்தை பொறந்தா உனக்குச் சொல்றேன். வந்து பாரு. தூக்கு, வச்சுக்கோ, நான் ஒண்ணும் சொல்லல. அது உன்னைப் பாட்டின்னு கூப்பிடட்டும். ஆனா அவனுக்குத் தெரியக் கூடாது. பேரு, போட்டோ, பொண்ணா பையனா, எதுவும். அப்படி ஒரு குழந்தை இருக்குன்னே தெரியக் கூடாது. எப்பவுமே. உன்னால முடியுமா?"

நோர்மா வாயைத் திறந்தாள்.

"இப்ப போன்ல பேசினியே, அந்தக் குரல்ல சொல்லாத" என்றாள் ஹெதர்.

நோர்மா வாயை மூடிக்கொண்டாள். முடியும் என்று ஒரு சொல். எவ்வளவு லேசான சொல். சற்று முன்னால் மகளின் முகத்துக்கு நேராக மகனிடம் பொய் சொன்ன வாய்தானே. ஆனால் அவள் எப்படிப் பொய் சொல்வாள் என்பதை ஹெதர் இப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்தது. இரண்டு பேர் உட்காரும் மேசை. கிரெய்க் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தை வானிலை பார்ப்பதுபோலப் பார்ப்பான். சிரித்தால் ஏன் சிரித்தாய் என்று கேட்க மாட்டான், ஆனால் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடுவான். ஒரு குழந்தையைத் தூக்கிவிட்டு வந்த கையை அவனிடமிருந்து எங்கே ஒளிப்பது? சென்ற மார்ச்சில் ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது அவன் அந்த மேசையில் மாத்திரைகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றும் விழுங்கவில்லை. அடுக்கி மட்டும் வைத்திருந்தான். அன்றிலிருந்து வீட்டு மாத்திரைகளெல்லாம் அவள் கைப்பையில்தான் இருக்கின்றன; இதோ, இந்தப் பையில். அன்று அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஹெதர் எங்கேயாவது நல்லா இருக்காளான்னு மட்டும் தெரிஞ்சா போதும்மா என்றான். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

இதை ஹெதரிடம் சொல்லலாம். சொன்னால் அது இன்னொரு கடிதம். ஏழு வருடம் கழித்து மறுபடியும் அவள் முன்னால் அவனுக்காக எழுதிப் படிக்கிற கடிதம்.

சொல்லவில்லை.

"ஹெதர், நான்..." என்றாள். அதற்கு மேல் வாக்கியம் போகவில்லை. ஹெதர் அவசரப்படுத்தவில்லை. முகத்தை அவள் பக்கம் திருப்பி, கன்னத்தைக் கைப்பிடிக் கம்பியில் சாய்த்துக்கொண்டு, உண்மையிலேயே பதிலுக்காகக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில் வெறுப்பு இல்லை. வெறுப்பு இருந்திருந்தால் நோர்மாவுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

மாடியில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. "ஹெதர் கண்ணு! கென்தான். எல்லாம் ஏத்தியாச்சா? ஒத்தைலயா இருக்க?"

"இல்ல கென்" என்று ஹெதர் திரும்பாமலே மேலே குரல் கொடுத்தாள். "ஆள் இருக்கு. எல்லாம் ஏத்தியாச்சு."

"நல்லதாப் போச்சு. சூடா எதாவது குடிங்க" என்று அவர் பூட்ஸ் சத்தம் பின்தெருவில் தேய்ந்து போனது.

சந்தின் விளக்குகள் எரிந்தன. பலகைக்கு மேலே கண்ணாடியில் வெளிச்சம் விழுந்து, உள்ளே நின்ற தண்ணீரில் நீளமாக நடுங்கியது. கருவாலி மேசையின் கால்கள் பாதி தண்ணீரிலும் மீதி இருட்டிலும் மறைந்து, ஒரு பலகை மட்டும் மிதப்பதுபோலத் தெரிந்தது. அதன் மேல் நோர்மா குடிக்காமல் விட்ட கோப்பை. அதை எடுத்துவைக்க இருவருமே மறந்திருந்தார்கள். வெளியே ஒரு காட்டு வாத்து சந்துக்குள் நீந்தி வந்தது. தெரு நடுவில், யாரும் துரத்தாத இடத்தில், இடமும் வலமும் பார்த்துக்கொண்டு, மூடிக் கிடந்த கடைகளை ஒவ்வொன்றாகக் கடந்து போயிற்று.

ஹெதர் கையை நீட்டினாள். எழுந்துகொள்ளத்தான், இடுப்பு பிடித்துவிட்டது போலிருக்கிறது. நோர்மா அந்தக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கை சில்லென்று இருந்தது, உள்ளங்கையில் மாவு ஒட்டியிருந்தது. ஹெதர் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தாள். கையை விட்டாள். நோர்மாவும் கைப்பையை எடுத்துக்கொண்டு, ஒரு படி ஏறி, மகள் விட்டுப்போன சூடு இன்னும் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். கீழே இரண்டாவது படி விளிம்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி, அதன் மேல் தண்ணீர் தோல்போலப் படர்ந்துகொண்டிருந்தது.